வரைவைக் கொடுத்துவிட்டு என்ன கேட்பது?

எழுத்து வகுப்பு: கேள்வி – பதில்

கல்லூரி எழுத்து வகுப்பில் கட்டுரை வரைவுகளை மாணவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக் கருத்துக் கேட்பது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: வரைவைப் படிக்கக் கொடுத்தால் வகுப்புத் தோழிகள் எல்லோரும் "நல்லா இருக்குப்பா" என்று திருப்பித் தந்துவிடுகிறார்கள். அதே கட்டுரை ஆசிரியரிடம் போனால் பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறியோடு வருகிறது. உருப்படியான கருத்தை வாங்குவது எப்படி? – முதலாண்டு மாணவி

பதில்: "எப்படி இருக்கு?" என்று கேட்டிருப்பீர்கள். நலம் விசாரித்தால் நலம் என்றுதான் பதில் வரும். எதைப் பார்க்க வேண்டும் என்று படிப்பவருக்குத் தெரியவில்லை, உங்கள் மனம் நோகக்கூடாது என்ற தயக்கம் வேறு. கேள்வியை மாற்றுங்கள், பதிலும் மாறும்.

முதல் பக்கத்தின் மேலே நான்கைந்து வரியில் ஒரு குறிப்பு எழுதுங்கள். இது எத்தனையாவது வரைவு, யார் படிப்பதற்காக எழுதியது, எந்தப் பகுதி இன்னும் முடியவில்லை, எந்த இரண்டு மூன்று இடங்களில் உங்களுக்கே சந்தேகம் என்பவை அதில் இருக்கட்டும். கட்டுரையின் மையக் கருத்தை மட்டும் அந்தக் குறிப்பில் எழுதாதீர்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் படிப்பவர் அதைக் கட்டுரைக்குள் தானே கொண்டுபோய் வைத்துப் படிப்பார், உங்கள் வாக்கியங்கள் அதைச் சொல்கின்றனவா என்று தெரியாமலே போகும். படித்து முடித்த பிறகு, "இந்தக் கட்டுரை சொல்ல வருவது என்ன?" என்று ஒரே வாக்கியத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் மனத்தில் வைத்திருந்த வாக்கியத்தோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் விலகி நின்றால், வேறு எந்தக் கருத்தையும் கேட்பதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது அந்த விலகலைத்தான்.

சந்தேகங்களை ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாதபடி கேளுங்கள். "புரிகிறதா?" என்றால் "புரிகிறது" என்பார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"எந்த இடத்தில் நின்று, மேலே போய் மறுபடி படித்தீர்கள்?"

"எந்தப் பத்தியை ஓட்டிப் படித்தீர்கள்?"

"என்னோடு உடன்படாத ஒருவர் முதலில் எந்த வாக்கியத்தில் கைதூக்குவார்?"

"3-ஆம் பத்தியை எடுத்துவிட்டால் கட்டுரைக்கு என்ன குறையும்?"

கடைசிக் கேள்விக்கு "ஒன்றும் குறையாது" என்று பதில் வந்தால் வருந்த வேண்டாம். ஒரு பத்தி எழுதும் இடம் உங்களுக்கு மிச்சம்.

கேள்வி: முழுதாக எழுதி முடித்த பிறகு காட்டுவது நல்லதா, பாதியிலேயே காட்டலாமா?

பதில்: வாதம் என்ன என்பதை நீங்களே ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிற நிலை வந்ததும் காட்டலாம். அதற்கு முன் காட்டினால் கிடைப்பது கருத்தாக இருக்காது, தலைப்பைப் பற்றிய அரட்டையாக இருக்கும். மிகவும் தாமதித்தாலும் சிக்கல். செதுக்கிச் செதுக்கி மெருகேற்றிய பிறகு, "2-ஆம் பத்தியும் 5-ஆம் பத்தியும் ஒன்றையே சொல்கின்றன" என்று யாராவது சொன்னால் வெட்ட மனம் வராது. அழகான வாக்கியங்களுக்காக வாதாடத் தொடங்கிவிடுவோம்.

எழுதாத இடங்களை வெறுமையாக விடாதீர்கள். [இங்கே சான்று தேடுகிறேன்], [எதிர்வாதத்துக்கு ஒரு பத்தி வரும்] என்று சதுர அடைப்புக்குள் எழுதிவையுங்கள். படிப்பவர் அந்தக் குறையைச் சுட்டிக்காட்டி நேரத்தை வீணாக்க மாட்டார்.

கேள்வி: தோழியின் கட்டுரையில் எழுத்துப்பிழை, சந்திப்பிழை எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் முகம் வாடிவிட்டது. என் தவறு என்ன? – இரண்டாமாண்டு மாணவி

பதில்: உழைப்பில் குறையில்லை, வரிசைதான் மாறிவிட்டது. முதல் வரைவில் பத்திகள் இடம் மாறும், சில காணாமல் போகும். நாளை நீக்கப்போகும் பத்தியில் இன்று ஒற்றுப் போட்டுத் திருத்தினால் அந்த உழைப்பு அப்படியே குப்பைக்குப் போகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. திருத்திய பத்தி "முடிந்துவிட்ட" தோற்றத்தைப் பெறுகிறது. எழுதியவர் சிவப்பு மை பட்ட இடங்களை மட்டும் சரிசெய்துவிட்டு, வாதத்தில் உள்ள ஓட்டையை அப்படியே விட்டுவிடுவார்.

முதலில் வாதம், பிறகு அதற்கான சான்றுகள், பிறகு பத்திகளின் வரிசை, பிறகு வாக்கியம், கடைசியில் எழுத்துப்பிழை. இந்த வரிசையில் பாருங்கள். விதிவிலக்கு உண்டு. அரமும் அறமும் மாறிப்போவதுபோலப் பொருளே திரிந்தால் முதல் வரைவிலேயே சொல்லிவிடலாம். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் முதல் இடத்தில் மட்டும் வட்டமிட்டு, "இது இன்னும் 6 இடங்களில் இருக்கிறது" என்று எழுதினால் போதும். மற்ற ஆறையும் அவரே தேடட்டும்.

வாதத்தைப் பற்றிப் பேசச் சொற்கள் இல்லாததால்தான் பலர் எழுத்துப்பிழைக்கு ஓடுகிறார்கள் என்று தோன்றுகிறது. தமிழில் அந்தச் சொற்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. நன்னூல் பாயிரம் ஒரு நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றங்களை அடுக்குகிறது. அவற்றுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் (முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது), மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் (போகப் போக வலுவிழந்து முடிவது) ஆகிய எட்டும் கல்லூரிக் கட்டுரைக்கு அளவெடுத்துத் தைத்தவை. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துபோகிற பட்டியலை வரைவின் ஓரத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு எடுத்துக்காட்டு:

"இன்றைய நவீன உலகில் கைபேசி இன்றியமையாததாகிவிட்டது. மாணவர்கள் கைபேசியை அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள். இதனால் நினைவாற்றல் குறைகிறது. நூலகத்துக்குச் செல்வோரும் குறைந்துவருகிறார்கள். எனவே வகுப்பறையில் கைபேசியைத் தடைசெய்ய வேண்டும்."

ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. சிவப்பு மைக்கு இங்கே வேலையே கிடையாது. ஆனால் முதல் வாக்கியம் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும், ஆகவே இந்தக் கட்டுரைக்கு ஒன்றும் தரவில்லை: வெற்றெனத் தொடுத்தல். நினைவாற்றல் குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை: குன்றக் கூறல். நூலகம் வேறு கிளை: மற்றொன்று விரித்தல். பெரிய சிக்கல் "எனவே" என்ற சொல்லில் இருக்கிறது. முடிவு வகுப்பறையைப் பற்றியது, அதற்கு முன்னால் உள்ள நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட வகுப்பறைக்குள் நுழையவில்லை.

குற்றத்தின் பெயரை மட்டும் எழுதினால் அதுவும் முத்திரை குத்துவதுதான். அந்த இடத்தில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: "'எனவே' வந்ததும் நின்றுவிட்டேன். வகுப்பு நடக்கும்போது கைபேசி என்ன செய்கிறது என்று இதுவரை நான் படிக்கவில்லை." இடம் தெரிகிறது, என்ன ஆயிற்று என்று தெரிகிறது, காரணமும் தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது என்பதை எழுதியவரிடம் விட்டுவிடலாம். அவர் வகுப்பறையைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கலாம், அல்லது முடிவையே மாற்றிக்கொள்ளலாம். எது சரி என்று உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

நன்னூல் பத்து அழகுகளையும் சொல்கிறது. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், முறையின் வைப்பு, விளங்கு உதாரணத்தது ஆதல் ஆகியவை அவற்றில் சில. பாராட்டும்போது அவற்றைப் பயன்படுத்துங்கள். "4-ஆம் பத்தியில் வந்த எடுத்துக்காட்டுக்குப் பிறகுதான் 3-ஆம் பத்தி விளங்கியது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் தோழியின் முகம் வாடியிருக்காது. மனத்தைத் தேற்றுவது மட்டும் அந்த வரியின் வேலை இல்லை. எதை வெட்டக்கூடாது என்ற செய்தியும் அதில் இருக்கிறது.

கேள்வி: என் வகுப்பில் 36 மாணவர்கள், ஒரு பாடவேளை 50 நிமிடம். குழுவாக உட்கார வைத்தால் முதல் ஆளின் கட்டுரையிலேயே மணி அடித்துவிடுகிறது. எப்படிப் பிரிப்பது? – கல்லூரி ஆசிரியர் ஒருவர்

பதில்: மூன்று பேராகப் பிரியுங்கள், 12 குழுக்கள். இரண்டு பேர் என்றால் ஒருவர் சொல்வதே தீர்ப்பாகிவிடும். ஐந்து பேர் என்றால் நேரம் போதாது. மூன்று பேருக்குத் தலா 15 நிமிடம் என்றால் 45, உட்காரவும் எழவும் 5.

வரைவுகள் முந்தைய நாளே கைமாறியிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் படித்து ஓரக்குறிப்புகளோடும் கடைசியில் நான்கு வரி எழுத்துக் கருத்தோடும் வர வேண்டும். வகுப்பில் உட்கார்ந்துதான் படிப்பது என்று வைத்தால் 50 நிமிடம் படிப்பதிலேயே போய்விடும். 800 சொல் கட்டுரையை வாய்விட்டுப் படிக்கவே ஏறக்குறைய 8 முதல் 10 நிமிடம் ஆகும்.

ஒருவருடைய 15 நிமிடத்தை இப்படிச் செலவிடலாம். முதல் 3 நிமிடம், எழுதியவர் தனக்குச் சந்தேகமான பகுதியை மட்டும் வாய்விட்டுப் படிக்கிறார். அடுத்த 7 நிமிடம் மற்ற இருவரும் பேசுகிறார்கள். இந்த 7 நிமிடமும் எழுதியவர் வாய் திறக்கக்கூடாது, குறிப்பு மட்டும் எடுக்கலாம். பிறகு 4 நிமிடம் அவர் கேள்வி கேட்கிறார். கடைசி 1 நிமிடத்தில், அடுத்த வரைவில் நிச்சயம் மாற்றப்போகும் ஒன்றை எழுதி வைக்கிறார். நேரத்தைக் குழுக்கள் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். நீங்களே கைதட்டி மாற்றிவிடுங்கள்.

அந்த 7 நிமிட மௌனத்தில் சமரசம் வேண்டாம். பெரும்பாலான குழுக்கள் கெடுவது அங்கேதான். யாராவது "இங்கே புரியல" என்றதும் எழுதியவர் "இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று விளக்க ஆரம்பிப்பார். விளக்கம் அருமையாக இருக்கும், எல்லோரும் தலையாட்டுவார்கள். தாளில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. விளக்கத் துடிக்கும் அந்த வாக்கியத்தை வாயால் சொல்லாமல் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பல நேரம் கட்டுரையில் விடுபட்டுப்போன வாக்கியம் அதுவாகவே இருக்கும்.

நெருங்கிய நண்பர்களை ஒரே குழுவில் போடாதீர்கள். ஆனால் வாராவாரம் குழுவைக் கலைக்கவும் வேண்டாம். ஒருவரின் எழுத்தை மூன்று நான்கு வரைவு தொடர்ந்து படித்தால்தான் அவருடைய பழக்கப் பிழை கண்ணில் படும்.

கேள்வி: ஆசிரியர் இல்லாமல் நாங்கள் நான்கு பேர் மட்டும் கூடிப் படித்தால் பயன் உண்டா? எங்களில் யாரும் பெரிய எழுத்தாளர் இல்லையே.

பதில்: உண்டு. ஆசிரியரே இல்லாத எழுத்து வகுப்பை எப்படி நடத்தலாம் என்று அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973-இல் ஒரு நூலே எழுதினார். படிப்பவர் நீதிபதியாக வேண்டாம், படிக்கும்போது தன் மனத்தில் என்ன ஓடியது என்பதைச் சொன்னால் போதும் என்பது அவர் வழி. மனத்தில் பதிந்த சொற்களைச் சுட்டுவது, படித்ததைச் சுருக்கிச் சொல்வது, எந்த வரியில் என்ன தோன்றியது என்று வரிசையாகச் சொல்வது ஆகியவற்றுக்கு இலக்கணப் புலமை தேவையில்லை, நேர்மையான கவனம் போதும்.

நன்னூலிலும் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் கிடைக்கும், உடன் கற்பவரோடு பயில்வதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரை. உங்கள் நால்வர் குழுவில் அந்த முக்கால் பங்குக்கு வழி இருக்கிறது.

கேள்வி: ஒருவர் "முன்னுரை நீளம், வெட்டு" என்கிறார். இன்னொருவர் "முன்னுரையில் இன்னும் விளக்கம் வேண்டும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? – மூன்றாமாண்டு மாணவர்

பதில்: இருவரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அந்தச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள், மருந்தை விட்டுவிடுங்கள். நீளம் என்றவருக்குத் தேவையில்லாதது கிடைத்திருக்கிறது, விளக்கம் கேட்டவருக்குத் தேவையானது கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே முன்னுரையில் நிகழக்கூடியவைதான். வரலாற்றுப் பின்னணிக்கு ஆறு வரி கொடுத்துவிட்டு, கட்டுரை எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது என்பதைச் சொல்லாமல் விட்ட முன்னுரைக்கு இந்த இரண்டு கருத்துகளும் சேர்ந்தே வரும்.

கேள்வி: கோப்பை அனுப்பினால் சிலருக்கு எழுத்துகள் எல்லாம் குழம்பித் தெரிகின்றன. இன்னொரு முறை, நண்பர் என் கட்டுரைக்குள்ளேயே புகுந்து மாற்றி எழுதிவிட்டார். எந்த முறையில் பகிர்வது?

பதில்: எழுத்துக் குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். அவை தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளே கொட்டிக் கிடக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய கோப்பை மாற்றிக்கொண்டால், மாற்றிய பிறகு ஒரு முறை முழுவதும் படித்துப் பாருங்கள். மேற்கோள் குறிகளும் நிறுத்தற்குறிகளும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் அப்போது அடிக்கடி சிதையும்.

கூகுள் டாக்ஸில் பகிரும்போது பார்ப்பவர், கருத்திடுபவர், திருத்துபவர் என்று மூன்று உரிமைகள் உண்டு. "கமென்டர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நண்பர் ஓரக்குறிப்பு எழுதலாம், மாற்றங்களைப் பரிந்துரைக்கலாம், ஆனால் நீங்கள் ஏற்காமல் எதுவும் மாறாது. பகிர்வதற்கு முன் "வெர்ஷன் ஹிஸ்டரி"யில் அன்றைய நிலைக்கு "வரைவு 1" என்று பெயர் வைத்துவிட்டால், பிறகு என்ன நடந்தாலும் திரும்பி வரலாம். வேர்டில் அனுப்புவதானால் "ட்ராக் சேஞ்சஸ்" இயக்கியபடி அனுப்புங்கள்.

தாளில் கொடுக்கிறவர்கள் வரி இடைவெளியை இரட்டிப்பாக்கி, வலப்பக்கம் அகலமாக ஓரம் விட்டு, வரி எண்களோடு அச்சிடுங்கள். வேர்டின் "லேஅவுட்" பகுதியில் "லைன் நம்பர்ஸ்" இருக்கிறது. "அந்த நடுப்பத்தியில, கீழருந்து மூணாவது வரி..." என்று தேடும் நேரம் மிச்சமாகும்.

கேள்வி: என் யோசனையை வேறு யாராவது எடுத்துக்கொண்டால்?

பதில்: ஒரே தலைப்பில் எழுதுபவர்கள் ஒரே குழுவில் இல்லாமல் ஆசிரியர் பார்த்துக்கொள்வது நல்லது. தேதியோடு உங்கள் வரைவு பதிவாகியிருந்தால் பின்னால் கேள்வி வந்தாலும் கவலையில்லை. மறுபக்கமும் பாருங்கள்: நண்பர் சொன்ன ஒரு கருத்தால் உங்கள் வாதமே திரும்பியிருந்தால், கட்டுரையின் கடைசியில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுங்கள். இன்னொருவர் எழுதிய வாக்கியத்தை அப்படியே ஒட்டிக்கொள்வது வேறு. அது உதவி என்ற எல்லையைத் தாண்டிவிட்டது.

கேள்வி: நண்பரின் வரைவைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு, அது சொன்ன கருத்துகளை என் கருத்தாகக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. வரைவு அவருடையது. அவர் அனுமதி இல்லாமல் வெளிச் செயலி எதிலும் ஏற்ற உங்களுக்கு உரிமையில்லை, வகுப்பு விதியும் அதைத் தடுத்திருக்கலாம். அதோடு, நீங்கள் எந்த வரியில் தடுக்கினீர்கள் என்பது நீங்கள் படித்தால்தான் தெரியும். நேரமில்லை என்றால் "2 பக்கம்தான் படித்தேன்" என்று சொல்லி, அந்த 2 பக்கத்துக்கு உண்மையான குறிப்பைக் கொடுங்கள்.

கேள்வி: வரைவுக்கு மதிப்பெண் போடலாமா? – ஆசிரியர்

பதில்: வேண்டாம். எண்ணைப் பார்த்ததும் கருத்தைப் படிப்பது நின்றுவிடும். மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வரைவை விட்டுவிட்டு, மாணவர் மற்றவருக்கு எழுதிக்கொடுத்த கருத்துக்குக் கொடுங்கள். மறு வாரமே ஓரக்குறிப்புகள் நீளும்.

கேள்வி: மூன்று பேரிடமிருந்து 40 குறிப்புகள் வந்திருக்கின்றன. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. சமர்ப்பிக்க 4 நாள் இருக்கிறது.

பதில்: இன்று எதையும் திருத்தாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு முறை படித்துவிட்டு மூடிவையுங்கள். உடனே உட்கார்ந்தால் எளிதாகத் திருத்தக்கூடிய 25 குறிப்புகளை முடித்துவிட்டு வேலை முடிந்ததாகத் தோன்றும். கடினமான மூன்று அப்படியே கிடக்கும்.

நாளை ஒரு தாளில் மேலிருந்து கீழாக மூன்று கட்டமாகக் கோடு போடுங்கள்: குறிப்பு, ஏற்கிறேனா, ஏன். ஒரே இடத்தைப் பற்றிய குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்தால் 40 என்பது 12, 15 ஆகச் சுருங்கும். இருவர் அல்லது மூவர் கைவைத்த இடங்களுக்கு நட்சத்திரக் குறி போடுங்கள். ஏற்காமல் விடுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஆனால் "ஏன்" என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். "பிடிக்கவில்லை" என்பதைத் தவிர எதையும் எழுத முடியவில்லை என்றால், அந்தக் குறிப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் வரைவின் ஒவ்வொரு பத்திக்கும் அது என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஒரே வரி இரண்டு முறை வந்தால் பத்திகளைச் சேருங்கள், ஒரு பத்திக்கு இரண்டு வரி தேவைப்பட்டால் பிரியுங்கள், எங்கும் ஒட்டாத வரியை எடுத்துவிடுங்கள். கோப்பை "வரைவு 2" என்று புதிதாகச் சேமித்த பிறகு முதலில் வெட்டுங்கள், அடுத்து இடம் மாற்றுங்கள், அதற்கு அடுத்துதான் புதிதாக எழுதுங்கள். வெட்டிய பத்திகளைத் தனிக் கோப்பில் போட்டுவைத்தால் கை நடுங்காமல் வெட்ட வரும். மூன்றாம் நாள் முழுக் கட்டுரையையும் வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டுகிற வாக்கியங்களை உடையுங்கள். ஒற்றும் எழுத்துப்பிழையும் மேற்கோள் குறியும் நான்காம் நாளுக்கு. அன்று கடைசிப் பத்தியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் பாருங்கள். வரிசையாகப் படித்தால் பொருள் இழுத்துக்கொண்டுபோய்விடும், பிழை கண்ணில் படாது.